கப்பலின் எடை

துறைமுகத்தில் ஏலம் முடிந்து
தராசு கழுவுகிற நேரம் பார்த்துத்தான் கூட்டிப்போவேன்.
அஞ்சலாட்சி திட்டிக்கொண்டே
தட்டில் இன்னொரு வாளி ஊற்றுவாள்.
"நேரா நிக்கச் சொல்லு உம்புள்ளய."
ஐஸ் தண்ணீரில் வழுக்கி
நாலு காலும் நாலு திசைக்குப் போகும்.
சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து அடங்கும்:
பதினொன்று நானூறு.
"வஞ்சிரமா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன்."

போன மாசம் பதினொன்று நூறு.
கூடின முந்நூறு கிராமைக்
குடிக்க நிறுத்திய டீக்கு வெளியேகூட இறக்கிவிடாமல்
டிவிஎஸ்ஸின் முன்பலகையிலேயே உட்காரவைத்திருந்தேன்.

கவிழ்த்த படகுக்கடியில் கிடந்த குட்டி,
அதனால் கப்பல்.
சோறு தின்னும், கோழி தின்னும், செருப்பு தின்னும்,
யாரும் பார்க்காதபோது தன் பீயையே தின்னும்.
தின்றது தின்றபடி வெளியே வந்துகொண்டிருந்தது.
விலாவைத் தடவினால்
சீப்பைத் தடவுகிற மாதிரி.

"கணையம் வேலை செய்யல"
என்றார் மஞ்சக்குப்பத்தில் டாக்டர் இளவெழிலி.
பத்தாவதில் படம் வரைந்து
பாகம் குறித்து
இரண்டு மார்க் வாங்கிய சொல்.
கறிக்கடை தாவூத் பாய்க்கு அந்தச் சொல் தெரியாது.
சுவரொட்டியை வெட்டி இலையில் வைத்தார்.
போனில் படம் காட்டினேன்.
"இதா? இதத் தூக்கித்தான போடுறோம்."

ஞாயிறு அது.
மற்ற நாளில் உறை பிரித்த தூள்.
சோற்றில் பிசைந்து
இருபது நிமிஷம் விட வேண்டும்,
அவசரப்பட்டால் வாய் வெந்துபோகும்.
முதல் வாரம் என் விரல்நுனியே தோலுரிந்தது.
சுவர்க் கடிகாரத்துக்கும் தட்டுக்கும் நடுவே
அது உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிஷத்தில்
எந்தப் பாவத்தையும் நான் ஒப்புக்கொண்டுவிடுவேன்.

வைட்டமின் தனிக்கணக்கு.
பி பன்னிரண்டு சிவப்பு,
அப்படியொரு சிவப்பை வேறு மருந்தில் பார்த்ததில்லை.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம்.
செக்யூரிட்டி யூனிஃபார்மோடு தந்த
கருப்புச் சாக்ஸ் ஒற்றையில் செருகி
பீரோவில் வைத்தேன்.
திங்கள்தோறும், ஆறு வாரம். பிறகு மாசம் ஒன்று.
பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிக்
குத்த வேண்டும்.
இப்போது சிப்காட்டுக்கு நைட் டியூட்டி கிளம்ப
நான் சாக்ஸ் மாட்டினாலே
கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அஞ்சலாட்சி ஒரு பாட்டில் சுறா ஈரல் எண்ணெய் தந்தாள்.
"குடு. காத்தாட்டம் ஓடும்."
டாக்டர் மூடியைத் திறந்து மோந்து, உடனே மூடினார்.
"கொழுப்புல கரையற வைட்டமின் நாலு.
கொறஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு.
மிஞ்சினது ஈரல்ல போய்க் குந்திக்கும்.
ஈ மட்டும். வாரத்துக்கு ரெண்டு. நான் சொன்னா நிறுத்தணும்."
நோட்டில் எழுதினேன், மளிகைப் பாக்கிக்குக் கீழே.

டியூட்டி முடிந்த விடியலில்
தேவனாம்பட்டினம் மணலில்
போன் டார்ச்சோடு குனிந்திருந்தேன் ஒருநாள்.
நடைக்கு வந்தவர் நின்றார்.
"என்ன சார், மோதிரம் கீதம் விழுந்துடுச்சா?"
"இல்லைங்க.
கெட்டியா போயிருக்கான்."
ஒரு நிமிஷம் அவரும் குனிந்து பார்த்தார்,
நல்ல மனுஷன்.

"பாத்தியா,
எல்லாம் என் எண்ணெ" என்கிறாள் அஞ்சலாட்சி
பதினொன்று நானூறைப் பார்த்து.
பக்கத்துத் தராசுக்காரிகளையும் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.
ஆமாம் என்கிறேன்.
பாட்டில் பரணில்
கழுத்துவரை நிறைந்திருக்கிறது.

கப்பல் இறங்கமாட்டேன் என்கிறது.
தட்டின் விளிம்பில் ஒட்டின
ஒரேயொரு செதிலை நக்குகிறது.
பிடித்து இழுக்கிறேன்.
அந்தச் செதிலுக்கு
தூள் தூவி
இருபது நிமிஷம் யார் உட்கார்ந்திருப்பது.