மூலம்

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி:
மூலம் எங்கே?
ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தார்.
தமிழில் படித்துவிட்டுப்
பேருந்தில் தனியாகச் சிரித்தேன்.
உடற்கூறு படிக்கிறவளுக்கு
அந்தச் சொல் வேறோர் இடத்தில் வலிக்கும்.

நான் எழுதிய வாக்கியம் இவ்வளவுதான்:
ஒரு மனித உடம்பின் இரத்தக் குழாய்களை
நுனியோடு நுனி முடிந்து நீட்டினால்
ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும்.
எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.
எல்லோர் என்பவர்
எந்த ஆண்டு வெளியிட்டார், எந்தப் பக்கம்
என்றார் பேராசிரியர் மக்கின்னன்.

தண்டர் பே. பிப்ரவரி.
தானியக் கிடங்குகள் வரை ஏரி இறுகிக் கிடக்கிறது.
கல்லூரி நூலகத்தின் வெப்பக் குழாய் மேல்
ஈரக் கையுறைகளைக் காயப்போட்டுவிட்டுத்
தேடத் தொடங்கினேன்.

எங்கள் பாடநூல் ஒரு கட்டுரையைக் கைகாட்டியது.
கட்டுரை, ஒரு கையேட்டை.
கையேடு அதன் பழைய பதிப்பை.
பழைய பதிப்பு
எங்கள் பாடநூலின் முதல் பதிப்பை.
சாவி எங்கே என்றால் நாத்தனாரைக் கேள்,
நாத்தனாரைக் கேட்டால் மாமியாரைக் கேள்
என்கிற வீடு.

நூலகர் ஐலா கொஸ்கினென்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஒரு படிவத்தை நகர்த்தினார்.
பதினாறு நாள் கழித்து
வேறு மாகாணத்திலிருந்து, அட்டை கழன்று,
ரப்பர் வளையம் போட்டு வந்தது ஒரு புத்தகம்.
கடைசியாக அதை யாரோ இரவல் எடுத்த தேதி
நான் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்பு.

பக்கம் கிடைத்தது.
அங்கே உடம்பு இல்லை.
யாரையும் அறுத்து யாரும் அளக்கவில்லை.
ஒரு 'வைத்துக்கொள்வோம்' இருந்தது.
இவ்வளவு தசையுள்ள ஓர் ஆள் என்று வைத்துக்கொள்வோம்,
இம்மி இடத்தில் இத்தனை நுண்குழாய்
என்று வைத்துக்கொள்வோம்,
பெருக்கினால்.
ஓரத்தில் யாரோ பென்சிலால் பெருக்கிப் பார்த்திருந்தார்.
விடை வேறாக வந்திருக்கிறது.
தாள் கிழிய அடித்திருந்தார்.

ஆக, அந்த லட்சம் கிலோமீட்டரும்
ஒரு வாய்ப்பேச்சு நடந்த தூரம்.

பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.
பின்பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, பிறகு முதலெழுத்து.
நாளைக்கு என்னை யாராவது மேற்கோள் காட்டினால்
சங்கிலிமுத்து, நி.
பொள்ளாச்சியில் நார் மில்லில் கணக்கு எழுதும் அப்பா
நுண்குழாய் அறிஞர் ஆகிவிடுவார்.
நான் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.
போனில் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் பேர்ல தப்பா எதுவும் போட்டுடாதம்மா என்றார்.

வாக்கியத்தைத் திருத்தினேன்.
'அளந்தார்கள்' போய் 'மதிப்பிட்டார்கள்' வந்தது.
பிறகும் உறுத்தியது.
நான் கண்ணால் கண்டது என்று என்னதான் இருக்கிறது?

ஐந்தாம் மேசைப் பூனை.
எனக்கும் டெவினுக்கும் பொதுவான பூனை.
தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் ஏற்றி
உறையில் அடைத்து வந்தது.
காதில் எண் 2208.
அதன் முன்னங்கால் தமனியை நூல் வைத்து அளந்தேன்.
பதினோரு சென்டிமீட்டர்.
லட்சம் கிலோமீட்டரில்
என் பங்கு அவ்வளவே.

பட்டியலின் கடைசியில் சேர்த்தேன்:
பூனை, 2208. ஆண்டு தெரியவில்லை.

அறிக்கை திரும்பி வந்தது, நல்ல மதிப்பெண்ணோடு.
அந்த ஒரு வரி மட்டும் அடிபட்டிருந்தது.
வாசகர் தேடி எடுக்க முடியாத மூலம்
பட்டியலில் சேராது.

சரிதானே, என்றான் டெவின்,
எங்கே போய்த் தேடுவார்கள்?
வெள்ளிக்கிழமையே மேசையைத் துடைத்தாகிவிட்டது.

நூல் மட்டும் என் பேனாப் பெட்டியில் இருக்கிறது,
ஒரு நுனியில் லேசான சிவப்போடு.