யாகுட்ஸ்க், மைனஸ் நாற்பத்தெட்டு

இரவில் பேட்டரியைக் கழற்றி
வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுவேன்.
பூனைக்கும் பூட்ஸுக்கும் நடுவே கிடக்கும்.
நேற்று டபுள் டியூட்டி. மறந்துவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்,
பிறகு அதுவும் இல்லை.
சீட் பலகையாய் விறைத்திருக்கிறது.
இமைகள் ஒட்டிக்கொள்கின்றன.

பக்கத்து வீட்டு கெஸ்கில் வருகிறான்,
கோடையில் வேலித் தகராறில்
பேச்சை விட்டவன்.
ஒரு கையில் ப்ளோடார்ச்,
மறு கையில் தன் வண்டியின் பேட்டரி.
அதை மாட்டிவிட்டு
எதுவும் கேட்காமல் அடியில் படுக்கிறான்.

எண்ணெய் இளகும்வரை
கைவிளக்கைப் பிடித்திருக்கிறேன்,
கை மாற்றி, கை மாற்றி.

எஞ்சின் இருமி, இருமி,
பிடித்துக்கொள்கிறது.

"ஆஸ்பத்திரி வாசல்ல அணைச்சிடாதே."
ஜூலைக்குப் பிறகு அவன் பேசியது இதுதான்.

கிளம்பும்போது பார்க்கிறேன்:
என் பக்கம் அரையடி நுழைந்த வேலி
பனிக்குள் எங்கேயோ.