பன்னிரண்டு தாள் முகம்

அவன் முகம் பன்னிரண்டு தாள்களாக வந்தது,
எண் போட்டு, சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி.
கீழிருந்துதான் ஒட்ட வேண்டும்.
மேல்தாள் கீழ்த்தாளின் மேல் ஏறி நின்றால்தான்
கோத்தன்பர்க் மழை உள்ளே இறங்காது.
ஆகவே முதலில் தாடை.

ஏணியைப் பிடித்திருந்த லாஸ்ஸே
என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டான்.
“என்ன?” என்றேன்.
முப்பத்திரண்டு வருடமாக
இந்த ஊரின் மொழியில் நான் அதிகம் சொன்ன சொல்
அதுதான்.

தொண்ணூற்றொன்று, நவம்பர்,
ஹிசிங்கனுக்குப் போகும் கடைசி டிராம்.
நான்கு பையன்கள். சைக்கிள் சங்கிலி வைத்திருந்தவனுக்குப்
பதினேழு வயது.
அடிக்கு முன்னால் ஒரு சொல் வந்தது.
இடது காது கடைசியாகக் கேட்டது
அந்தச் சொல்லை.
அதை மட்டும் இன்னும் வைத்திருக்கிறது.

இளம் வயது, என்றார் நீதிபதி, எதிர்காலம் இருக்கிறது.
இருந்தது.
இதோ என் கையில்
பசை சொட்டச் சொட்ட.

பதிப்பகத்திலிருந்து போன மாதம் கடிதம்.
ஹென்னிங் ஆல்மார்க் தன் வாழ்க்கையை எழுதிவிட்டாராம்.
ஒன்பதாம் அத்தியாயம் நான்.
நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள்:
எப்படி அழுதார், எப்படிக் குடியை விட்டார்,
எப்படி ஒரு காலை ஏரிக்கரையில்
தன்னைத் தானே மன்னித்தார்.
எனக்கு அதில் “ஒரு கறுப்பு மனிதர்” என்று பெயர்.
அவர் வளர்த்த நாய்க்கு புஸ்ஸே என்று பெயர்.

தொலைக்காட்சியில், காலை நிகழ்ச்சியில், ஒரு சோபா.
இருவரும் உட்கார வேண்டுமாம்.
பயணப்படி உண்டு. மதிய உணவும்.

மகள் செனாயித்துக்கு இப்போது பதினேழு.
அவன் படத்தை இரண்டு முறை பார்த்தவள்
கடிதத்தை மேசையில் கவிழ்த்துவைத்து,
“மனுஷன் மாறமாட்டானா அப்பா?” என்றாள்.
மாறுவான்.
அது எனக்குத் தெரியும் என்பதுதான்
என் தொல்லை.

எண்பத்திரண்டில் எனக்குப் பத்தொன்பது.
மலையில், போரில்,
பிடிபட்ட ஒருவன் என்னிடம் தண்ணீர் கேட்டான்.
எதிரியின் மொழியில் கேட்டான்.
துப்பாக்கிக் கட்டையால் பதில் சொன்னேன்.
அவன் பல் ஒன்று கல்லில் தெறித்த சத்தம்
இரண்டு காதிலும் விழுந்தது.
அப்போது இரண்டும் இருந்தன.

இதை நான் எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை.
சிறுவயது, போர், பசி,
மூன்றும் உண்மை.
மூன்றையும் அடுக்கி அதன்மேல் ஏறி நின்றாலும்
அவன் வாய் உயரத்துக்கு என் வாய் எட்டவில்லை.
அவனைத் தேடியிருக்கலாம்.
தேடவில்லை.
சோபாவுக்கு வா என்று
கூப்பிடவும் இல்லை, அதுவரைக்கும் சரி.

எட்டாம் தாள். அவனுடைய காது.
என் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு மடங்கு.
தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி
காற்றுக் குமிழ்களை வெளியேற்றினேன்.
ஒரு சுருக்கம் இல்லை.
லாஸ்ஸே இதைப் பார்த்து
பெருந்தன்மை என்று நினைத்துவிடக் கூடாது.
இது மணிக்கணக்குக் கூலி.

பதில் எழுதிவிட்டேன், இரண்டு வரி.
என் பெயர் ஹப்தோம் வெல்தியாப்.
அடுத்த பதிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.
மன்னித்தேன் என்று எழுத வந்த பேனாவும்
மாட்டேன் என்று எழுத வந்த பேனாவும்
ஒரே பேனா.
மூடிவைத்தேன்.

மூன்று வாரத்தில் இதன்மேல் சலவைத்தூள் வரும்.
பழையதை யாரும் கிழிப்பதில்லை,
மேலே மேலே ஒட்டுவோம்.
பலகையின் ஓரத்தைக் கத்தியால் கீறினால்
எல்லாரும் இருப்பார்கள்,
ஈரமாக.

கண்கள் முடிந்து நெற்றிக்கு ஏறும்போது
மறுபடி ஏதோ சொல்கிறான் லாஸ்ஸே.
உதடு அசைவது தெரிகிறது.
தூறல். டிராம் மணி.
“அங்கே நின்று சொல்லாதே,” என்கிறேன்,
“இந்தப் பக்கம் வா.”