ஒற்றைக்கால் சேவல்

எங்கள் சேவலுக்கு ஒரு கால்தான்.
ஐந்து வயதில் நான் வரைந்தது.
இரண்டாவது காலுக்கு வருமுன்
சிவப்புப் பென்சில் தீர்ந்துபோனது.

அம்மா அதை அப்படியே ஒட்டினாள்
புளிப்பு பிளம் சாஸ் போத்தல்களில்.
குதாயிசிச் சந்தையில்
லம்சிரா என்ற பெயரை யாரும் படிப்பதில்லை.
'ஒற்றைக்கால் ரெண்டு கொடு' என்பார்கள்.
ஜார்ஜியாவில் பதிவுசெய்த சான்றிதழ்
கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது.
அதே ஆணியில், அதன்மேல்,
நாள்காட்டி.

பிறகு கதான்ஸ்க்.
உணவுக் கண்காட்சி, எட்டாம் கூடம்,
கழிப்பறைக்குப் பக்கத்தில் கையகல மேசை.
மூன்று நாளில் நானூறு போத்தல்.
மூன்று நாளும் வந்தார்
ஷெமோவித் என்றொருவர்.
ரொட்டியால் தொட்டுத் தொட்டுத் தின்றார்.
லேபிளை விளக்குக்கு நேரே பிடித்து
பணத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
குளிருகிறதே உங்களுக்கு என்று
அம்மாவுக்குத் தேநீர் வாங்கி வந்தார்.
அம்மா ஒரு பெட்டி சும்மா கொடுத்தாள்.

போலந்தில் பெயரைப் பதிய வேண்டும் என்றார்கள்.
ஆகஸ்டில் பழம் வந்துவிட்டது.
அக்டோபரில் மூடி கிடைக்கவில்லை.
விண்ணப்பக் கட்டணமும் வக்கீல் கூலியும்
ஒரு புது அண்டாவின் விலை.

அண்டா வாங்கினோம்.

மார்ச்சில் துறைமுகத்திலிருந்து கடிதம்.
ஆறாயிரம் போத்தல் நிறுத்திவைப்பு:
'பதிவுபெற்ற முத்திரையைப் போன்றிருப்பதால்.'
கூடவே அந்த முத்திரையின் நகல்.
அதே சரிந்த கொண்டை, அதே முறைத்த கண்,
வாலில் நான் தவறுதலாய் இழுத்த அதே கோடு.
கால் மட்டும்
இரண்டு.

தான் பிடித்த முயலுக்கு
மூன்று கால் என்பவர்களைத் தெரியும்.
எங்களிடம் பிடித்த சேவலுக்கு
கூட ஒரு கால் வைத்துத் தைத்தவரை
அன்றுதான் கண்டேன்.

வக்கீல் ஹல்ஷ்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்:
உங்கள் ஆணி எந்த நாட்டுச் சுவரில் இருக்கிறதோ
அந்த நாட்டில்தான் அந்தத் தாள் பேசும்.
இங்கே முதலில் மனுப் போட்டவர் அவர்.
கெட்ட எண்ணம் என்று நிரூபிக்கலாம்,
கண்காட்சிப் படங்கள் இருக்கின்றனவா?
இரண்டு வருடம், மூன்றும் ஆகலாம்.
இல்லையென்றால் விலைக்கு வாங்குங்கள்.
தொகையை வாயால் சொல்லவில்லை,
எழுதித் திருப்பிக் காட்டினார்.

வாங்க மாட்டேன் என்று
அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.
நின்றவள் சட்டென்று குனிந்து
கத்தரிக்கோல் கேட்டாள்.

எங்கள் பழைய லேபிளிலிருந்து
கொண்டை போனது, கண் போனது, வால் போனது.
மேசையில் மிஞ்சியது
மூன்று விரலோடு
மெழுகு மங்கிய ஒரு சிவப்புக் கால்.
'இதை யாராவது பதிந்திருக்கிறார்களா?'

ஹல்ஷ்கா தேடினார்.
கணினியை ஒருமுறை, எங்களை ஒருமுறை பார்த்தார்.
இருமலா சிரிப்பா தெரியவில்லை.
அன்று மதியமே மனுப் போட்டோம்,
போலந்தோடு
எங்கள் லாரி இன்னும் தொட்டேயிராத
பதினோரு நாடுகளுக்கும்.
இந்த முறை அண்டாவை விற்றோம்.

சுங்கக் கிடங்கின் குளிரில்
ஆறாயிரம் சேவல்களை வெந்நீரில் உரித்தோம்.
என் நகக்கண்ணில் இன்னும் பசை.
இப்போது கதான்ஸ்க் கடைகளில்
எங்கள் கால் ஒரு தட்டில்,
அவர் சேவல் மேல்தட்டில்.
அவருடையது இனிக்கிறதாம்.
நான் வாங்கிப் பார்த்தேன்,
இனிக்கத்தான் செய்கிறது.

வழக்கும் நடக்கிறது.
இரண்டு கால் இருந்தும்
மெல்லத்தான் நடக்கிறது.

அடுத்த வருடம் வால்நட் சாஸ்.
நான் ஒரு முள்ளம்பன்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.
முள்ளை எண்ணுகிறாள் அம்மா.
யாருக்கும் காட்டாதே,
முதலில் மனு,
அப்புறம் வண்ணம் என்கிறாள்.