எதிர்த்திசையில் இன்னொரு முறை

தரமணி. இரவு பதினொன்றே கால். வெளியே மழை.
துரைக்கண்ணுவின் மூளை என் திரையில் வருகிறது
நெற்றிப்பக்கம் உப்பி,
எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி
ஓரம் சுருண்டு.

அவர் நெற்றி அப்படி இல்லை.
சாயங்காலம் பார்த்தேன்.
அரைஞாண் தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று
ஜெசிந்தாவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.
"வெள்ளி காந்தத்துல ஒட்டாதும்மா."
முப்பத்தொரு வருடம் மாநகரப் பேருந்து ஓட்டியவர்.
போன மாதம் அடையாறு டிப்போவுக்கு வழி கேட்டாராம்.

காற்றுதான் காரணம்.
மூக்குக்குப் பின்னால், புருவத்துக்குள்
எலும்பின் சின்னச் சின்ன அறைகளில்
சும்மா இருக்கிற காற்று.
அதை ஒட்டிய இடத்தில் காந்தப்புலம் கொஞ்சம் கோணும்.
கோணினால் ஒரு புள்ளி
தன் வீட்டை விட்டு நாலு வீடு தள்ளிப்போய் உட்காரும்.

அதனால் இரண்டு முறை எடுக்கிறோம்.
முன்னிருந்து பின்னாக. பின்னிருந்து முன்னாக.
ஒன்றில் இழுபட்டது மற்றதில் நசுங்கும்,
அதே அளவு.
இரண்டு பொய்யையும் எதிரெதிரே உட்கார வைத்தால்
நடுவில் எங்கேயோ அவர்.

கணினிக்கு இன்னும் பதினேழு நிமிடம் வேண்டுமாம்.
கேன்டீன் பூட்டியாயிற்று.
ஃபைலைப் புரட்டுகிறேன்.
மனைவி சொன்னது: மூணு வருஷமாவே ஆள் மாறிட்டார்,
மச்சான் சாவு வீட்டில் சிரித்தார்,
நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.
அவர் சொன்னது: ஒண்ணுமில்ல, தூக்கம் பத்தல.
ஒரே பேனா, அடுத்தடுத்த வரி.
இதில் எது எவ்வளவு கோணியது என்று
அளந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பதினொன்று நாற்பது.
நெற்றி உள்வாங்குகிறது,
ஹேங்கரில் காய்ந்த சட்டையின் தோள் புடைப்பைக்
கையால் அமுக்கித் தேய்த்ததுபோல.
நிறுத்தம் தாண்டி இறக்கிவிடப்பட்டவர்கள்
திட்டிக்கொண்டே திரும்பி நடப்பதுபோல
மடிப்புகள் ஒவ்வொன்றாய்
தத்தம் இடத்துக்கு வருகின்றன.

கண்குழிக்கு மேலே மட்டும் ஒரு கறுப்பு.
நீண்டதைச் சுருக்கலாம்.
நசுங்கியதைப் பிரிக்கலாம்.
சமிக்ஞையே வராத இடத்தில் திருத்த எதுவுமில்லை.
அங்கே மூளை இல்லை என்று அர்த்தமில்லை,
கேட்டோம், பதில் வரவில்லை, அவ்வளவுதான்.
"இவ்விடத்துக்கு இப்படத்தை நம்ப வேண்டாம்"
என்று குறிப்பில் எழுதி அனுப்புகிறேன்.

விளக்கை அணைக்கப் போகும்போது
ஜெசிந்தாவின் மேஜையில் ஒரு காகித உறை,
ரப்பர் பேண்ட் சுற்றி, மேலே அவர் பெயர்.
உள்ளே தாயத்து.
அவ்வளவு சண்டை போட்டவர்
வாங்காமலே போயிருக்கிறார்.