புளிப்பு வாடை வரக்கூடாது

மே இருபத்தொன்பது.
மழைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்கிறது வானிலை.
எட்டு என்கிறாள் மீன் விற்கும் கல்பனா.
நான் கல்பனாவை நம்புகிறவள்.

சயான் கோலிவாடா, மூன்றாவது சந்து.
தகரக் கூரைமேல் சாய்ந்து கிடக்கிறது
குர்லாவில் பழைய சாமான்களுக்கிடையே
ஆயிரத்து நூறுக்கு எடுத்த சோலார் பலகை.
பின்பக்கம் நூறு வாட் என்று எழுதியிருக்கிறது.
முன்பக்கம்
தன்வீர் அடித்த சிக்ஸர்.

பந்து பட்ட இடம் ஒரே ஒரு புள்ளி.
அங்கிருந்து கிளம்பிய விரிசல்
ஓரச் சட்டம் வரை ஓடித்தான் நின்றிருக்கிறது.
ஆனாலும் ஒரு சில்லு உதிரவில்லை.
அடியில் பிடித்திருக்கும் பிசின் விடவில்லை.

தன்வீரின் அம்மா இருநூறு ரூபாயோடு வந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
மீட்டர் தகராறு ஏழாவது மாதம்;
பெருந்தன்மைக்கு இப்போது வசதியில்லை.

"அதான் லைட் எரியுதே, விடு" என்றார் இவர்.
எரியும்.
தண்ணீர் உள்ளே இறங்கி
செம்புப் பட்டை பச்சை பூக்கும்வரை எரியும்.
பவாய் மாடிகளில் ஆறு வருஷம்
பலகை துடைத்தவள் நான்,
பச்சை பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஜிதுபாய் கடையில் நீட்டிய சிலிக்கான் குழாயை
மூடி திருகி முகர்ந்தேன். காடி.
மீன்தொட்டிக்கு ஆகும், இதற்கு ஆகாது:
உலரும்போதே உலோகத்தை அரிக்கும்.
வாடை இல்லாதது கொடுங்கள் என்றேன்.
நூற்றைம்பது அதிகம்.
"மூக்குக்கு இவ்வளவு செலவா பெஹன்ஜி" என்று சிரித்தார்.
எபாக்சியையும் காட்டினார்.
ரெண்டு கோடையில் காமாலை கண்ட மாதிரி ஆகிவிடும்,
அதற்குள் வெயில் எப்படி நுழையும்?

இரண்டு நாள் காயவிட்டேன்.
ஈரத்தோடு மூடினால்
ஈரத்தைத்தான் பத்திரப்படுத்தியதாகும்.
மூன்றாம் நாள் ஒயரைக் கழற்றி,
கிழிந்த நைட்டித் துணியால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
சட்டத்தின் ஓரமெல்லாம்
மருதாணிக் கூம்பு பிடிப்பதுபோல் பிழிந்து போனேன்.
சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவினேன்.
விரிசல்மேல் பாலியூரிதேன்,
மெல்லிசாக, இரண்டு பூச்சு.

இரண்டாவது பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போது
எதிர் மாடிப் புறாக்கள் மொத்தமாக எழும்பின.
ஒரு சிறகுத் துணுக்கு, சாம்பல் நிறம்,
நேராக வந்து
தன்வீரின் புள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.
பிடுங்கினால் பூச்சும் சேர்ந்து உரியும்.
முறைத்துப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

மறுநாள் உச்சியில் மல்டிமீட்டர்:
பதினேழு புள்ளி எட்டு.
உடையுமுன் இருபதுக்குமேல் காட்டும்.
சிறகு எவ்வளவு தின்றது, சிக்ஸர் எவ்வளவு தின்றது,
கணக்குப் பிரிக்க எனக்குத் தெரியாது.
ஃபேன் சுற்றுகிறது.

கல்பனா சொன்ன எட்டாம் நாள்,
ராத்திரி பத்தரைக்கு இறங்கியது மழை.
குடையும் டார்ச்சுமாக ஏணியில் நின்று பார்க்கிறேன்.
கண்ணாடி முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது;
அடியில் அந்தச் சிறகு
ஓர் இழைகூட நனையாமல்.

"ஒழுகுதா?" என்று கீழேயிருந்து கத்துகிறார் இவர்.
பலகை ஒழுகவில்லை.
கூரைதான்,
சரியாக அவர் படுக்கைக்கு மேலே.
இருங்கள்,
குழாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.