நாலு ஐம்பதுக்குச் சீப்பு

நாலே முக்காலுக்கு மூக்குத் துடைப்பு.
நாலு ஐம்பதுக்குச் சீப்பு.
அடுத்தது கொலோன்:
உள்ளங்கையில் ஊற்றி, இரு கையும் தேய்த்து,
பதினாறு தலைக்கும் ஒரே வகிடு, ஒரே மணம்.
ஐந்து மணிக்குக் கதவு திறக்கும்போது
யாரும் அழுததாகவோ
பருப்பைத் தரையில் கொட்டியதாகவோ
தெரியக் கூடாது.
சரகோசாவில் இருபத்திரண்டு வருடமாக
இதுதான் என் உத்தியோகம்.

லிட்டர் புட்டி. மூடி தொலைந்து மாதங்கள் ஆயிற்று.
வெயில் விழும் ஜன்னலோரம் நிற்கும்,
தண்டனை பெற்ற பையன் மாதிரி.

பிப்ரவரியில் இஸார்பேயின் காதுக்குப் பின்னால்
ஒரு சிவப்பு.
பல் முளைக்கிறது என்றேன்.
கம்பளித் தொப்பி என்றேன்.
சியெர்சோ காற்று என்றேன். இந்த ஊரில்
எல்லாப் பழியையும் அதன் தலையில்தான் கட்டுவோம்;
அது மறுத்துப் பேசாது,
ஊளையிட்டுக்கொண்டு எப்ரோ ஆற்றின் மேல் போய்விடும்.

மார்ச்சில் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.
மதியத் தூக்கத்தில் சொறிகிற சத்தம்,
இருட்டில் யாரோ காகிதம் கிழிப்பதுபோல.

அவள் அப்பா லிஸெர், டிராம் ஓட்டுநர்.
சண்டைக்கு வரவில்லை. புட்டியைக் கேட்டார்.
விளக்கடியில் திருப்பிப் பிடித்து
கடுகு எழுத்தை வாசித்தார்:
தண்ணீர். ஆல்கஹால். பர்ஃப்யூம்.
"பர்ஃப்யூம் என்றால்?"
வாசனை, என்றேன்.
"அது தெரிகிறது. உள்ளே யார் யார்?"

யார் யார்.
வருகைப் பதிவேட்டில் பதினாறு பெயருக்குப் பதில்
'குழந்தைகள்' என்று ஒரு சொல் எழுதினால்
எர்மினியா அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.
இங்கே எத்தனை பேரோ ஒரே பெயருக்கு
உள்ளேன் சொல்கிறார்கள்.
கட்டாயம் பெயர் சொல்லவேண்டிய இருவர் மட்டும்
கடைசி வரிசையில்:
லினலூல். லிமோனின்.
பூனைக்குட்டிகளுக்கு வைக்கலாம் போல.

தோல் மருத்துவர் இஸார்பேயின் கழுத்தைப் பார்த்தார்.
பிறகு, அவளைத் தூக்கிவைத்திருந்த என் கையை.
வெடித்துக் காய்ந்து
விரலிடுக்கில் ரத்தம் கோத்த கை.
எத்தனை நாளாக?
சோப்பு, டாக்டர். டயப்பர். காற்று.
எத்தனை நாளாக?

முதுகில் சதுரம் சதுரமாக ஒட்டினார்கள்.
இரண்டு நாள் குளிக்கவில்லை, குனியவில்லை;
அலமாரி மாதிரி நடக்கிறேன் என்று
வகுப்பே சிரித்தது.
உரித்தபோது பதினான்காம் சதுரம்
செக்கச் சிவந்து
கை தூக்கியது: உள்ளேன்.

திறந்தே கிடந்தால் காற்றுப் பட்டுக் குணம் மாறும், என்றார்.
எல்லாருக்கும் ஒன்றும் செய்யாது. சிலருக்குத்தான்.
அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியுமா?
அவர் பேனாவை மூடினார்.

வருடத்துக்குப் பதினாறு. இருபத்திரண்டு வருடம்.
பெருக்கத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.

இப்போது நாலு ஐம்பதுக்கு வெறும் தண்ணீர்.
முதல் வாரம் ஒரு தாய் கேட்டாள்:
இன்று தலை வாரவில்லையா?
வாரினேன்.
மகனின் உச்சியை மோந்தாள். முகம் சுளித்தாள்.
மறுபடி மோந்தாள்.
ஆரஞ்சுத் தோல், பெயின்ட், புளித்த பால்,
அதற்கடியில் காய்ந்த உப்பு.

"சோர்ச்சே இன்று அழுதானா?"

ஆமாம், என்றேன்.
பதினொரு மணிக்கு.
உன்னைக் கேட்டு, அரை மணி நேரம்.